பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் மலையைத் தாங்குமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. சுரங்கப்பாதை வேலையில் கான்கிரீட்டைக் குழாய் வழியாகப் பாறைமேல் பீய்ச்சி அடிப்பதை வீடியோவில் பார்த்திருக்கிறார். இப்படி அடிக்கும் கான்கிரீட்டுக்கு ஷாட்கிரீட் என்று பெயர். மேலே ஒரு மலையே உட்கார்ந்திருக்கும்போது பத்து சென்டிமீட்டர் கனப் பூச்சு அதை எப்படித் தாங்கும்? பலகை அடைக்காமல் தலைக்கு மேலே எப்படி ஒட்டி நிற்கிறது? அப்புறம், அவருடைய தோட்டத்துக் கிணற்றில் மேல்பகுதி உதிர்ந்துகொண்டே இருக்கிறதாம். அங்கேயும் இதை அடிக்கலாமா?

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். அந்தக் கான்கிரீட் மலையைத் தாங்குவதில்லை, தாங்கவும் முடியாது. மேலே ஆயிரம் மீட்டர் பாறை இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 டன் எடை. அந்த எடை, குடைந்த இடத்தைச் சுற்றி வளைந்து, பாறை வழியாகவே இரண்டு பக்கமும் இறங்கிவிடுகிறது. அப்படி இறங்க வேண்டுமானால் ஓரத்துப் பாறை கலையாமல், கல்லும் கல்லும் இறுகப் பிடித்தபடி இருக்க வேண்டும். ஒரு கல் நழுவினால் பக்கத்துக் கல்லுக்கு அசைய இடம் கிடைத்துவிடும். அது நழுவினால் அதற்கடுத்தது. முதல் கல்லை நழுவ விடாமல் பிடிப்பதுதான் ஷாட்கிரீட்டின் வேலை. மிச்சத்தைப் பாறையே பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பிடியும் இல்லாமல் பாறை தானாக நிற்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. திருப்பரங்குன்றம் குடைவரை எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் குடைந்தது. அறைகளின் அகலம் சிறிது, பாறை விரிசல் குறைந்த ஒரே கட்டி. இந்த இரண்டு காரணங்களை எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதை மறந்துவிடுவார்கள்: அது உளியால் கொத்தியது. உளி, தான் எடுக்கும் கல்லோடு நின்றுவிடும். வெடி அப்படி இல்லை. எடுக்க வேண்டிய கல்லை எடுத்துவிட்டு, நிற்க வேண்டிய பாறையிலும் அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்துக்குப் புதிய கீறல்களை விட்டுப் போகும். தேக்கடித் தண்ணீரை நம் பக்கம் கொண்டுவரும் பெரியாற்றுச் சுரங்கம் ஏறக்குறைய 5,700 அடி நீளம். துளை போட்டு வெடி வைத்துத்தான் அதைக் குடைந்தார்கள். 1895-ல் அணை திறந்தபோது கான்கிரீட் பீய்ச்சும் இயந்திரமே உலகத்தில் கிடையாது. பாறை கெட்டி, அகலம் 12 அடிதான் என்பதால் சமாளித்தார்கள். இன்றைக்கு இரண்டு லாரிகள் எதிரெதிரே போகும் அளவுக்கு 10, 12 மீட்டர் அகலத்தில், வேகமாக வெடி வைத்துக்கொண்டு போகிறோம். அதனால்தான் ஷாட்கிரீட் இல்லாமல் முடிவதில்லை. ஷாட்கிரீட் செலவைக் குறைக்க என்ன வழி என்று யாராவது கேட்டால், முதலில் வெடி வைப்பவரைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஓரத்துத் துளைகளை நெருக்கமாகப் போட்டு, வெடிமருந்தைக் குறைத்து வைத்தால் சுவர் ஒழுங்காக வரும். தாறுமாறாக வெடித்த சுவரில் பள்ளங்களை நிரப்பவே பாதிக் கான்கிரீட் போய்விடும்.

சரி, அந்த முதல் கல்லை இவ்வளவு மெல்லிய பூச்சு எப்படிப் பிடிக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூரையில் ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஒரு கல், நான்கு பக்கமும் விரிசல் விட்டுத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 2.7 டன். அதன்மேலும் சுற்றியுள்ள பாறைமேலும் ஐந்து சென்டிமீட்டர் ஷாட்கிரீட் இருக்கிறது. கல் இறங்கப் பார்க்கும்போது கான்கிரீட் நடுவில் கிழியாது. கல்லின் விளிம்பைச் சுற்றிப் பாறையிலிருந்து உரியப் பார்க்கும். இந்த உரிதலைத் தடுப்பது விளிம்பை ஒட்டிய குறுகலான ஒரு பட்டைதான், ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலம். கல்லின் சுற்றளவு 4 மீட்டர். பட்டையின் பரப்பு 0.12 சதுர மீட்டர். சுத்தமான கெட்டிப் பாறையில் ஒட்டும் பலம் சுமார் 0.5 மெகாபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 50 டன். பெருக்கினால் 6 டன். 2.7 டன் கல்லைப் பிடிக்க இது தாராளம்.

இதே கணக்கில் பாறைமேல் வெடித் தூசி படிந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒட்டும் பலம் 0.1 மெகாபாஸ்கலுக்கு இறங்கினால் பிடிமானம் 1.2 டன்தான். கல் வந்துவிடும். கான்கிரீட்டின் கனத்தை இரண்டு மடங்காக்கினாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் தோற்றது கான்கிரீட் இல்லை, ஒட்டு. வேலைத்தளங்களில் கனத்தைப் பற்றி எல்லோரும் சண்டை போடுவார்கள், கழுவுவதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். என்னைக் கேட்டால், தண்ணீரும் காற்றும் சேர்த்து அடித்துப் பாறையைக் கழுவும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் மொத்த வேலையிலும் மலிவானதும் முக்கியமானதும். அதற்கும் முன்னால் தளர்ந்த கல்லையெல்லாம் கடப்பாரையால் தட்டி இறக்கிவிட வேண்டும். தட்டும்போது கெட்டிப் பாறை கிண்ணென்று சத்தம் கொடுக்கும், தளர்ந்த கல் பொத்தென்று கேட்கும். பூசி முடித்த கான்கிரீட்டையும் பின்னால் இதே மாதிரி சுத்தியலால் தட்டித்தான் எங்கே உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கல் பெரிதானால் கணக்கு மாறிவிடும். இரண்டு மீட்டர் பக்கமுள்ள கல்லின் எடை 21.6 டன், சுற்றளவோ 8 மீட்டர்தான், பிடிமானம் 12 டன். எடை எட்டு மடங்கு ஏற, பிடி இரண்டு மடங்கே ஏறுகிறது. ஆகவே பெரிய கல்லுக்கு ராக்போல்ட் வேண்டும். பாறைக்குள் நீளத் துளை போட்டு, கம்பியைச் செருகி, சிமெண்ட் பாலோ ரெசினோ விட்டு இறுக்குவது அது. பெரிய கற்களைக் கம்பி மலையோடு சேர்த்துத் தைத்துவிடும், கம்பிகளுக்கு நடுவில் உள்ள சின்னக் கற்களை ஷாட்கிரீட் பிடித்துக்கொள்ளும். இரண்டில் எது எவ்வளவு என்று முடிவு செய்ய, பாறைக்கு மதிப்பெண் போடும் முறைகள் இருக்கின்றன. 1974-ல் நார்வேயில் பார்ட்டன், லீன், லுண்டே மூவரும் வெளியிட்ட கியூ முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. விரிசல்கள் எத்தனை, எவ்வளவு சொரசொரப்பு, தண்ணீர் வருகிறதா, பாறைமேல் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து எண் போட்டால், கம்பி இடைவெளியும் கான்கிரீட் கனமும் வரைபடத்திலிருந்து கிடைத்துவிடும்.

இதுவரை சொன்னது நம் பக்கத்துக் கெட்டிப் பாறைக்கு. இமயமலைப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பாறை நொறுங்கிக் கிடக்கும், சில இடங்களில் பிசைந்த மாவு போலக் குடைந்த இடத்துக்குள் மெல்லத் தள்ளிக்கொண்டு வரும். தனிக் கல் என்ற பேச்சே கிடையாது. அங்கே ஷாட்கிரீட் 20, 30 சென்டிமீட்டர் கனத்தில், இரும்புச் சட்டங்களோடு சேர்ந்து ஒரு முழு வளையமாக நிற்க வேண்டும். கூரையையும் சுவரையும் மட்டும் பூசிவிட்டுத் தரையை அப்படியே விட்டால் வளையம் திறந்தே கிடக்கும், சுவர்களின் அடிப்பகுதி உள்ளே தள்ளிவிடும். ஆஸ்திரியாவின் ராப்செவிச் போன்றவர்கள் 1950, 60-களில் வளர்த்த முறையின் சாரம் இதுதான்: சீக்கிரமாக மெல்லிய கான்கிரீட் போடு, பாறையைக் கொஞ்சம் அசைய விடு, எவ்வளவு அசைகிறது என்று தினமும் அள, நிற்காவிட்டால் பலப்படுத்து, தரையையும் சேர்த்து வளையத்தை மூடு. அளப்பதை விட்டுவிட்டால் அந்த முறையில் ஒன்றும் மிச்சமில்லை. 2023 நவம்பர் 12 அன்று உத்தரகண்ட் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். 17-வது நாள்தான் வெளியே வந்தார்கள். அங்கே சரிந்தது தோண்டிக்கொண்டிருந்த முகப்பு இல்லை. வாசலிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உள்ளே, ஏற்கனவே தோண்டி முடித்துத் தாண்டிப்போன பகுதி. கான்கிரீட் பூசிவிட்டோம் என்று ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது.

இரண்டாவது கேள்வி: எப்படி ஒட்டுகிறது? வேகத்தால்தான். காற்றழுத்தத்தில் பாய்ந்து வரும் கலவையில் முதலில் பாறையில் மோதும் ஜல்லி தெறித்துப் போய்விடும்; நைசான சிமெண்ட் பசை மட்டும் மெல்லிய படலமாகப் படியும். பின்னால் வரும் ஜல்லி அந்தப் படலத்தில் பதியும். மோதும் வேகமே கலவையை இறுக்கிவிடுவதால் வைப்ரேட்டர் வேண்டாம், பலகையும் வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவர் இன்ஜினியர் இல்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர், இறந்த விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளதுபோல் நிறுத்திவைக்கும் கலைஞர். சிகாகோ அருங்காட்சியகக் கட்டிடத்தின் உதிர்ந்த வெளிப்பூச்சைச் சரிசெய்ய 1907 வாக்கில் ஒரு சிமெண்ட் துப்பாக்கியைச் செய்தார். 1911-ல் காப்புரிமை கிடைத்தது. அதில் அடித்த கலவைக்குத்தான் கனைட் என்று பெயர். நம் ஊர் நீர்த்தேக்கத் தொட்டி ரிப்பேர்க்காரர்கள் இன்றும் கனைட்டிங் என்றே சொல்கிறார்கள்.

கனைட் உலர்முறை. சிமெண்டும் மணலும் உலர்ந்தபடியே குழாயில் வரும், நாசில் முனையில்தான் தண்ணீர் சேரும். தண்ணீர் எவ்வளவு என்பது குழாய் பிடிப்பவர் கை திருப்பும் வால்வில் இருக்கிறது. தூசி அதிகம், தெறித்து வீணாவதும் அதிகம். கூரையில் அடித்தால் கால் பங்குக்கு மேல் கீழே விழும். ஈரமுறையில் தண்ணீர் சேர்த்துக் கலந்த கான்கிரீட்டையே பம்ப் பண்ணி, முனையில் காற்றும் ஆக்சிலரேட்டரும் சேர்ப்பார்கள். ஆக்சிலரேட்டர் என்பது நிமிடக் கணக்கில் இறுக வைக்கும் மருந்து. அது இல்லாமல் தலைக்கு மேலே கனமாகப் போட முடியாது. ஈரமுறையில் ஒழுங்காக அடித்தால் வீண் 10 சதவீதம் அளவில் நிற்கும். பெரிய சுரங்கங்களில் இப்போது ஈரமுறைதான், ரோபோ கை பிடித்துத்தான் அடிக்கிறார்கள். சின்ன வேலைக்கும் ரிப்பேருக்கும் உலர்முறை இன்னும் வசதி.

எந்த முறையானாலும் நாசில் பிடிப்பவர் கையில்தான் எல்லாம். முனை பாறைக்கு நேர் செங்குத்தாக, ஒன்று ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கலவை வழுக்கித் தெறிக்கும். சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால், தெறித்து விழும் ஜல்லி அடிச்சுவரில் குவிந்து, அதன்மேலேயே கான்கிரீட் மூடி, உள்ளே சத்தில்லாத பொக்கையாகிவிடும். விழுந்த கலவையை அள்ளி மறுபடி மிஷினில் போடுவது ஒரு கெட்ட பழக்கம். அதில் பசை போய் வெறும் ஜல்லிதான் இருக்கும். கம்பி வலை கட்டி அடித்தால் வலைக்குப் பின்னால் நிழல் விழுந்ததுபோல் வெற்றிடம் நிற்கும். அதற்காகவே இப்போது பல இடங்களில் வலைக்குப் பதிலாகக் கலவையிலேயே ஸ்டீல் ஃபைபர் சேர்க்கிறார்கள். 35 மில்லிமீட்டர் நீளம், முனை வளைந்த கம்பித் துண்டுகள், ஒரு கன மீட்டருக்கு 35, 40 கிலோ. பள்ளமும் மேடுமான பாறையின் வளைவோடேயே பூச்சு போகும். வலை கட்டும் ஆள் பிடிப்பற்ற கூரைக்குக் கீழே நிற்க வேண்டியதும் இல்லை. நான் ஃபைபர் பக்கம் நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

கலவைக்கு வருகிறேன். ஒரு கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோ சிமெண்ட், 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாத ஜல்லி, தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45-க்குள், கொஞ்சம் சிலிகா ஃபியூம் என்ற மிக நைசான தூள். மதுரைப் பக்கத்தில் சிக்கல் மணல்தான். வைகை மணல் காலம் போய்விட்டது, எல்லாம் எம் சாண்ட். நல்ல எம் சாண்ட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மேலூர்ப் பக்கக் கிரஷரிலிருந்து வருவது எம் சாண்டா, வெறும் கிரஷர் தூசியா என்று சல்லடை போட்டுப் பார்க்காமல் லாரியை இறக்காதீர்கள். தூசி அதிகமானால் தண்ணீர் குடிக்கும்; நடுத்தர அளவுத் துகள்கள் குறைந்து போனால் குழாய் அடைக்கும். அடைத்த குழாயை அழுத்தத்தோடு கழற்றுவது ஆபத்தான வேலை. சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை, கலவை வழியிலேயே இறுக ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் அடிப்பதும் ஜல்லிக் குவியலுக்கு நிழல் போடுவதும், இறுகுவதைத் தள்ளிப்போடும் மருந்து வாங்குவதைவிட மலிவு.

பலம் பார்ப்பதற்குக் க்யூப் அச்சில் ஊற்றி உடைத்துப் பார்த்தால் அது கலவையின் பலத்தைத்தான் சொல்லும், சுவரில் இருப்பதைச் சொல்லாது. சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு பலகைப் பெட்டியில் அதே ஆளை வைத்து, அதே முறையில் அடிக்கச் சொல்லி, அதிலிருந்து கோர் என்ற உருளைத் துண்டை வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும். நம் நாட்டில் இந்த வேலைக்கென்றே ஐ.எஸ். 9012 என்ற தரக்குறிப்பு 1978-லேயே வந்திருக்கிறது. ஃபைபர் போட்டதற்கு வேறு சோதனை உண்டு: 600 மில்லிமீட்டர் சதுரம், 100 மில்லிமீட்டர் கனமுள்ள பலகத்தை 25 மில்லிமீட்டர் வளையும்வரை அழுத்தி, எத்தனை ஜூல் ஆற்றலை வாங்குகிறது என்று பார்ப்பார்கள். 500, 700, 1,000 என்று தரம். விரிசல் விட்ட பிறகும் எவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. அப்புறம் ஒரு கண்டிப்பான விதி: புதிதாக அடித்த கூரையின் கீழே, பலம் 1 மெகாபாஸ்கலைத் தொடும்வரை யாரும் போகக் கூடாது. நல்ல ஆக்சிலரேட்டர் போட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். ஊசி அழுத்திப் பார்க்கும் சின்னக் கருவி இருக்கிறது, அதை வைத்து அளந்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதெல்லாம் சரிப்படாது.

நம் பக்கத்தில் இதற்கு எங்கே வேலை என்றால், தேனி மாவட்டம் பொட்டிப்புரம் நினைவுக்கு வரும். போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கமும், அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரத்தில் ஒரு குகையும் குடைவதாகத் திட்டம். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பும் வழக்குகளும் வந்தன. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றே சொன்னது. வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. பாறையை மட்டும் பேசினால் சுவாரஸ்யமான இடம். அது சார்னோக்கைட், மிகக் கெட்டி. நல்ல துண்டு பொதுவாக 100 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். ஆனால் தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பாறை இருந்தால் 27 மெகாபாஸ்கல் அழுத்தம். குடைந்த இடத்தின் ஓரத்தில் அது இரண்டு மூன்று மடங்காகக் குவியும், அதாவது 54 முதல் 80 வரை. கெட்டிப் பாறை ஓரத்தில் தன் பலத்தில் பாதியை நெருங்கும்போதே செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிடும், சில நேரம் சத்தத்தோடு தெறிக்கும். அங்கே விறைப்பான பூச்சைவிட வளைந்து கொடுக்கும் ஃபைபர் ஷாட்கிரீட்டும், 26 மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 6 மீட்டர் நீளக் கம்பிகளும் வேண்டியிருக்கும். அதே மலைத்தொடரில் அந்தப் பக்கம், கேரளத்து மூலமற்றத்தில் 780 மெகாவாட் மின்நிலையம் 1976-லிருந்து மலைக்குள்ளேதான் ஓடுகிறது. பெரிய குகை நம் பாறையில் முடியாத காரியம் இல்லை. மதுரை மெட்ரோவுக்கும் இதுதானா என்று சிலர் கேட்கிறார்கள். தரைக்குக் கீழே ரயில் வந்தாலும் இயந்திரம் குடைந்து, வார்த்த கான்கிரீட் துண்டுகளை வளையமாக அடுக்கிக்கொண்டே போகும். ஷாட்கிரீட்டுக்கு அங்கே ஓரமான வேலைதான்.

கடைசியாக, கிணறு. அடிக்கலாம், ஆனால் முழுக்க அடிக்காதீர்கள். உங்கள் பக்கத்துக் கிணறுகளில் மேலே சரளையும் உக்கிப்போன பாறையும், கீழே கெட்டிப் பாறையும் இருக்கும். உதிர்வது மேல்பகுதிதான். கீழே விரிசல்கள் வழியாகத்தான் ஊற்று வருகிறது. அதைப் பூசி மூடினால் கிணறு தொட்டியாகிவிடும். மேல்பகுதியிலும் கான்கிரீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்க வழி வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணெல்லாம் ஊறியிருக்கும்போது நீங்கள் மோட்டாரைப் போட்டுக் கிணற்றைச் சட்டென்று வற்ற வைத்தால், பின்னால் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் தண்ணீருக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் பூச்சைத் தள்ளும். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை, உள்முனையில் வலை கட்டி, பூச்சுக்கு வெளியே நீட்டி வையுங்கள். உக்கிய பாறையில் வெறும் ஒட்டை நம்ப முடியாது. ஒன்று ஒன்றரை மீட்டர் கம்பிகளைத் துளை போட்டுச் செருகி, வெல்ட் மெஷ்ஷை அதில் கட்டி, 7 முதல் 10 சென்டிமீட்டர் கனம் அடிக்க வேண்டும். விளிம்பில் தரைமட்டத்தில் ஒரு கான்கிரீட் பட்டை போட்டு, மழைத் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

கிணறு வெட்டும் டிராக்டர் கம்ப்ரசரையே வைத்து அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கனைட் மிஷினுக்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் கம்ப்ரசர் எவ்வளவு தரும் என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காற்று பற்றாவிட்டால் கலவை மோதாது, வெறுமனே விழும். கூலியைப் பேசும்போது சதுர அடிக் கணக்கில் மட்டும் பேசாமல் கனத்தையும் சேர்த்துப் பேசுங்கள். சுவரில் ஆங்காங்கே கன அளவுக்கு வெட்டிய கம்பித் துண்டுகளை ஊன்றிவிட்டால், அவை மறையும்வரை அடித்தார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தண்ணீர் இறங்கியிருக்கும் வைகாசியில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். வெயில் கடுமை என்பதால் ஏழு நாளாவது ஈரச் சாக்கு தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குகிறவர்களுக்கு இடுப்புக் கயிறு, கண்ணாடி, முகமூடி மூன்றும் கட்டாயம். உலர்முறைத் தூசியை நுரையீரலுக்குள் விடக் கூடாது, ஆக்சிலரேட்டர் மருந்து கண்ணில் பட்டால் உடனே கழுவ மேலே ஒரு குடம் நல்ல தண்ணீர் தயாராக இருக்கட்டும்.